பகலில் வீட்டில் இருப்பவள்

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். காலை ஒன்பது மணிக்குள் முக்கால்வாசிப் பேர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற பார்சல்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், குழாய் ரிப்பேர்காரர், சாவியை மறந்துவிட்டுப் போன பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தட்டுவது ஒரே கதவைத்தான். தரைத்தளத்தில், கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் என் மனைவி தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது தூங்க முயன்றுகொண்டிருப்பாள்.

அவள் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், இரவு டியூட்டி. இரவு எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்கு முடியும். வாரத்தில் ஐந்து இரவுகள், ஒன்பது வருடமாக. மகள் பிறந்தபோது பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறு மாதத்துக்கு மட்டும் இரவு கொடுங்கள் என்று அவளேதான் கேட்டு வாங்கினாள். ஆறு மாதம் முடிந்து, பகலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டபோது தலைமை நர்ஸ் சிரித்தாராம். "நீ நைட்டுக்கு நல்லா பழகிட்டேம்மா. உன்னை மாதிரி முழிச்சிருந்து பாக்கறவங்க வேற யாரு இருக்கா?" வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு அது. நாலு நாள் நாற்காலியில் உட்கார்ந்து குறட்டை விட்டிருந்தால் ஐந்தாம் நாளே பகலுக்கு மாற்றியிருப்பார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரித்ததில்லை.

நான் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுப்பவன். நாள் முழுக்க ஊரார் வீட்டு மணியை அடிப்பதுதான் என் பிழைப்பு. கதவைத் திறக்காத வீடுகள்மேல் எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தரம் அடிப்பேன், இரண்டு தரம் அடிப்பேன், மூன்றாம் தரம் விரலை எடுக்காமல் அழுத்துவேன். இது போதாதென்று கட்டடச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எல்லாரும் வேண்டாமென்று தள்ளிவிட்ட பதவி. கேட்டதும் தலையை ஆட்டியவன் நான். எனக்கு எதற்கும் தலையை ஆட்டித்தான் பழக்கம்.

தூக்கத்துக்காக அவள் படுகிற பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் டீ குடிக்க மாட்டாள். காலையில் பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாள், வெயில் கண்ணில் பட்டால் உடம்பு முழித்துக்கொள்ளுமாம். ஒரு முறை பஸ்ஸிலேயே தூங்கி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டாள். அதிலிருந்து கண்டக்டர் எங்கள் ஸ்டாப் வந்ததும் கம்பியில் தட்டி எழுப்புவார். வீட்டுக்கு வந்து குளித்து, ஏதோ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போவாள். ஜன்னலில் வெளிச்சம் வராமல் இருக்க, பழைய பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டியிருக்கிறாள். காதில் பஞ்சு. கண்மேல் மடித்த துண்டு. பத்து மணிக்குப் படுத்தால் மகள் பள்ளியிலிருந்து வரும் மூன்று மணிவரை ஐந்து மணி நேரம் கிடைக்க வேண்டும். கிடைத்ததெல்லாம் கோழித் தூக்கம்தான். காகிதத்தில் ஐந்து மணி நேரம், அவ்வளவே.

ஏனென்றால் பகல் தூக்கத்தை யாரும் தூக்கமாக மதிப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டு மணியை அடிக்க எல்லாருக்கும் கை கூசும். பகல் பன்னிரண்டு மணிக்கு அடிக்க யாருக்கும் கூசாது. என் சொந்தத் தங்கையே பதினொரு மணிக்குப் போன் செய்து, "என்ன அண்ணி, தூங்கறீங்களா?" என்பாள். இவள், "இல்லம்மா, சொல்லு" என்பாள். வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிடுவார்கள் என்று போனையும் அணைத்து வைக்க முடியாது. தங்கை நாற்பது நிமிஷம் பேசுவாள். கடைசியில் "சரி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று வைப்பாள்.

மணியைக் கழற்றிவிடலாமா என்று அவள் என்னிடம் இரண்டு முறை கேட்டாள். செயலாளர் வீட்டில் மணி இல்லையென்றால் நன்றாகவா இருக்கும் என்றேன். அவசரத்துக்கு யாராவது வந்தால் என்ன செய்வார்கள் என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

போன வருடம் ஒரு காலை, சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு மருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறேன். கண்ணு எழுத்தைப் படிக்குது, மண்டைக்குள்ள போய்ச் சேர மாட்டேங்குது. ஒரே லேபிளை மூணு தடவை படிக்கிறேன். ஒரு நாள் என் கையால யாருக்காவது ஏதாவது ஆயிடும். எனக்குப் பயமா இருக்கு."

"சும்மா எதையாவது நினைச்சுக்காத. நல்லா தூங்கி எழுந்தா எல்லாம் சரியாயிடும்" என்றேன். சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று செருப்பை மாட்டினேன்.

வார்டில் அப்படி ஏதும் ஆகாமல் இருப்பதற்கு அவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நோயாளியின் கட்டில் காலிலும் ஒரு மருந்துத்தாள் தொங்கும். மருந்து கொடுத்ததும் அந்த நேரத்துக்கான கட்டத்தில் நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்கும் முன் கட்டத்தைப் பார்க்க வேண்டும். கையெழுத்து இருந்தால் கை தானாக நின்றுவிடும். மூளை தூங்கினாலும் தாள் தூங்காது என்பாள் அவள். இந்த ஒன்பது வருடத்தில் அவள் வார்டில் ஒரு மாத்திரைகூட மாறிப்போனதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, இனிமேல் வரப்போவதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரர் இருக்கிறார். தனி ஆள், வீட்டிலேயே மெஷின் போட்டுக் கோட்டு தைப்பவர். அவருக்குச் சர்க்கரை ஏறிப்போய், மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். முப்பது வருடம் ஊசியோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்குத் தன் வயிற்றில் ஊசி குத்தப் பயம். படியில் என்னைப் பார்த்துப் புலம்பினார். நான் வழக்கம்போல் தாராளமாக, "எங்க வீட்டுல நர்ஸை வச்சுக்கிட்டு நீங்க ஏன் கவலைப்படறீங்க? பகல்ல அவ வீட்டுலதான் இருப்பா. எப்ப வேணும்னாலும் போங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவன் என்று பெயர் வாங்குவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது, செலவெல்லாம் வேறொருத்தியுடையது என்பதால்.

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டேகாலுக்கு அவர் வருவார். கையில் ஒரு சின்னப் பை, அதில் மருந்துக் குப்பியும் ஊசிகளும் இருக்கும். மணி அடிக்கும். இவள் எழுந்து வந்து ஊசி போட்டுவிட்டு, போட்ட ஊசியைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுப்பாள். இரண்டு நிமிஷ வேலைதானே என்பார் அவர். நானும் அப்படித்தான் சொல்வேன். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு மறுபடி தூக்கம் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படி எட்டு மாதம் போயிற்று. பிறகு ஒரு புதன்கிழமை.

அன்றைக்கு அவளை விடுவிக்க வேண்டிய பகல் நர்ஸ் தாமதமாக வந்ததால், இவள் வீட்டுக்கு வரவே பதினொன்றேகால் ஆகிவிட்டது. குளிக்காமல், சாப்பிடாமல் விழுந்தாள். பன்னிரண்டேகாலுக்கு மணி. தையல்காரர். எழுந்து ஊசி போட்டாள், போய்ப் படுத்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு மணி. இரண்டாம் மாடிக்கு வந்த பார்சல். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தாள், போய்ப் படுத்தாள். ஒரு மணிக்கு மறுபடி மணி. கதவைத் திறந்தால் தையல்காரர் நிற்கிறார்.

அவர் வந்தது மறந்து விட்டுப்போன மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போக. அதைச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் இவள், "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டாள். மேஜைமேல் இருந்த பையைத் திறந்தாள், குப்பியை எடுத்தாள், அளவு பார்த்து ஏற்றினாள், துடைத்தாள், போட்டாள். எட்டு மாதமாகச் செய்த வேலை, கை பாட்டுக்குச் செய்தது. அவள் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கை மட்டும்தான் டியூட்டியில் இருந்தது. எங்கள் வீட்டு மேஜையில் மருந்துத்தாள் ஏது, கட்டம் ஏது, கையெழுத்து ஏது.

அவர் ஏன் தடுக்கவில்லை என்று பிறகு நான் கேட்டேன். "டாக்டர் அளவைக் கூட்டியிருப்பாரு போல, நமக்குத்தான் ஞாபகம் இல்லன்னு நினைச்சேன். நர்ஸம்மாவுக்குத் தெரியாததா?" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மேலே போனவர் உடனே சாப்பிட்டிருந்தாலாவது கொஞ்சம் தாங்கியிருக்கும். ஒரு கோட்டுக்குக் கை வைத்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக்கு எங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் முதல் மாடிக்கு ஏறும் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மகளைப் பார்த்து, "கோட்டு நாளைக்குத்தான் சார் கிடைக்கும்" என்றாராம். குழந்தை பயந்துபோய் ஓடிவந்து அம்மாவை உலுக்கியது. "அம்மா, தையல்கார மாமா ஒரு மாதிரி பேசறாரு."

இவள் ஒரே எட்டில் படியில் இருந்தாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகுதான், இவ்வளவு இறங்க என்ன காரணம் என்று யோசித்தாளாம். உள்ளே ஓடிப்போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் அதைக் காலி செய்திருந்தாள். உள்ளே இரண்டு ஊசிகள் கிடந்தன.

அவள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஆம்புலன்ஸ் போயிற்று. அவசரப் பிரிவு டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டதும், சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் தன்னோடு வேலை செய்கிறவர்கள் என்று தெரிந்தும், "நான்தான் டாக்டர் ரெண்டு தடவை போட்டுட்டேன். ஒரு மணி நேரத்துக்குள்ள. தூக்கத்துல" என்று சொன்னாள். அதைச் சொன்னதால் சரியான வைத்தியம் உடனே கிடைத்தது, மனுஷன் பிழைத்தார். சொல்லாமலும் இருந்திருக்கலாம். சர்க்கரைக்காரர் சாப்பிடாமல் இருந்தார் என்றால் யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. கேட்டிலேயே விஷயம் காதுக்கு வந்துவிட்டது. செயலாளர் மனைவி ஊசியை இரண்டு தரம் போட்டுவிட்டாள் என்று நாளைக்குக் கட்டடமே பேசுமே என்பதுதான் முதலில் என் மனதில் வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதுதான் முதலில் வந்தது. உள்ளே போனேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இப்படிப் பண்ணினே? கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அவரை இங்க அனுப்பினது யாரு?"

நான் தோளிலிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"பார்சலுக்கெல்லாம் நம்ம வீட்டு நம்பரைக் கொடுக்கச் சொன்னது யாரு? மணியைக் கழட்ட வேண்டாம்னு சொன்னது யாரு? அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பக்கத்துல படுத்துக் குடும்பம் நடத்தற ஆளுக்குத் தெரியும். என் தூக்கத்தை எடுத்து ஊருக்கெல்லாம் தானம் பண்ணினது நீங்க. நல்ல பேரு உங்களுக்கு. ஒரு மனுஷனைக் கொல்லப் பாத்தவன்னு பேரு எனக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அந்த இடத்தைவிட்டுத் தப்பித்திருப்பேன்.

ஆறரைக்குத் தலைமை நர்ஸுக்குப் போன் செய்தாள். இன்றைக்கு வர முடியாது என்றாள். ஆள் இல்லை, காய்ச்சல் என்றால்கூடப் பரவாயில்லை, வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போ என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "காய்ச்சல் இல்ல மேடம். தூங்கல. இன்னைக்கு நான் மருந்தைக் கையால தொடக்கூடாது" என்றாள். தூங்கவில்லை என்ற காரணத்துக்கு லீவு கிடையாதாம். சொல்லாமல் வராத நாள் என்று எழுதிக்கொள்ளட்டும் என்று போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஒன்பது வருடம் பழகிய உடம்பு, ராத்திரியில் தூங்கு என்றால் எங்கே தூங்கும். நானும் தூங்காமல் பக்கத்தில் கிடந்தேன்.

மறுநாள் செயலாளர் என்ற முறையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினேன். காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணிவரை தரைத்தள இடது வீட்டு மணியை அடிக்க வேண்டாம் என்று எழுதினேன். சாயங்காலம் பார்த்தால் அதன் கீழே யாரோ பேனாவால், 'அப்போ பார்சலை எங்கே கொடுப்பது?' என்று எழுதியிருந்தார்கள். ஊசிக்குத்தான் எங்கள் வீட்டைப் பார்த்துப் பயந்தார்களே தவிர, பார்சலுக்கு யாரும் பயப்படவில்லை. தையல்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளில் வேறொரு நர்ஸ் அவருக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டார். பத்து நிமிஷமாயிற்றாம். பத்தே நிமிஷம். எட்டு மாதத்தில் அந்தப் பத்து நிமிஷம் என் புத்தியில் படவில்லை.

அவள் மறுபடி டியூட்டிக்குப் போனாள், பகல் டியூட்டிக்கு மறுபடி எழுதிக் கொடுத்தாள், பார்க்கலாம் என்றார்கள். மணியின் ஒயரைப் பிடுங்கினேன். கதவைக் கையால் தட்டினார்கள். கடைசியில் திங்கட்கிழமை நான் ஒரு நாள் லீவு போட்டேன். அவள் படுத்ததும் ஒரு நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் வேலை நாளில் ஒரு பகல்கூட நான் அந்த வீட்டில் இருந்ததில்லை என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பத்தேகாலுக்கு ஆரம்பித்தது. பார்சல். அடுத்து, வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டு ஒருவர். இன்னொரு பார்சல். மாடித் தொட்டியின் சாவி கேட்டு இரண்டாம் மாடிக்காரர், என்னுடைய அறிவிப்பைப் படித்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே. "தட்டல சார், கூப்பிடலாம்னுதான் வந்தேன்." மெதுவாகப் பேசுங்கள் என்று நான் கையைக் காட்ட, அவர் அதே குரலில், "ஓ, தூங்கறாங்களா?" என்றார். அவர் கழுத்தைப் பிடிக்காமல் விட்டது என் பொறுமை. பிறகு என் தங்கை, இந்த முறை நேரிலேயே, அண்ணியைப் பார்த்து ஆறுதல் சொல்ல. ஆறுதலைச் சாயங்காலம் சொல்லு என்று படியோடு திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டு போனாள். பன்னிரண்டரைக்கு எங்கள் ஆபீஸ்காரரே வந்தார், எங்கள் தெருவுக்கு மீட்டர் பார்க்கிறவர். ஒயர் பிடுங்கிய மணியின் பட்டனை விரலை எடுக்காமல் அழுத்தப் போனவரின் கையைப் பிடித்தேன். "விடாம அடிச்சாத்தானே சார் திறப்பாங்க, நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றார்.

அதற்குப் பிறகும் இன்னும் சிலரைத் திருப்பி அனுப்பினேன். மூன்றேகாலுக்கு உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து நின்றாள். கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. மகள் எனக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூணு மணியாயிடுச்சா? எழுப்பவே இல்லையே." அவளால் நம்பவே முடியவில்லை. "அஞ்சு மணி நேரம் தூங்கிட்டேன். இன்னைக்கு யாரும் வரலையா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். பொய் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. "பதினோரு பேரு" என்றேன். ஒரு பகலுக்குப் பதினொன்று என்றால் ஒன்பது வருடத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் ஆச்சரியப்படவில்லை. "திங்கக்கிழமை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்" என்றாள். நாற்காலியை, என்னை, திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள். பிறகு, ஏதோ கடைக்குப் போகிறவரிடம் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"நாளைக்கு யாரு உட்காருவா?"

நான் ஒரு நாளைக்குத்தான் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன்.